கோல்வேயில் அப்போது எட்டு நாற்பது

என் அன்பு அக்கா,

"நலம், நலமறிய ஆவல்" என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்தினேன். பழக்கதோஷம். நீங்கள் கதிரவெளியில் இருந்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து நான் போட்ட கடிதம் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இப்போது உங்கள் நலத்தை அறிய எனக்கு வழியில்லை, என் நலத்தைச் சொல்கிறேன். சாப்பிடுகிறேன். நித்திரை வருகிறது. டிப்போவுக்குப் போய் வருகிறேன். குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டேன். மூன்று வருடம் நீங்கள் சொல்லிச் சொல்லி நான் காதில் வாங்காத அதே குழாய்தான்.

இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போனபோது சொந்தக்காரர், அயலவர், உங்கள் அலுவலகத்து ஆட்கள் என்று வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் நான் ஒரே பொய்யைச் சொன்னேன். இப்போது வீடு வீடாகப் போய் அதைத் திருத்த என்னால் ஏலாது. வாய் வராது என்பது ஒன்று, போகிற வீடெல்லாம் தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதினம். நான் அயர்லாந்துக்குப் போய் வந்தேன், அக்கா. வாழைச்சேனை தாண்டினால் தம்பிக்குத் தலை சுற்றும் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே, அந்தத் தம்பிதான். இரண்டு விமானம் ஏறினேன். தலை சுற்றவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பறக்கிற மனிதனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், பயமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் போல, தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

வாசிக்கிறவர்களுக்கு நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா பிரதேச செயலகத்தில் எழுதுநராக இருந்தவர். கதிரவெளியில் அத்தானைக் கடல் கொண்டுபோன பிறகு, ஆறு வயது மகள் நிரோவையும் கூட்டிக்கொண்டு கல்லடியில் என் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு வீடு. நான் கல்யாணம் கட்டவில்லை. அதற்கு அக்கா காரணமில்லை, இதை அவரிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது வெளிக்கிட்டது என்று எழுதுவதுதான் முப்பது வருடமாக என் தொழில்.

நிரோ தாதிப் படிப்பு முடித்து அயர்லாந்துக்குப் போனாள். தலைநகரத்துக்கு இல்லை, நாட்டின் மறுகரையில் கோல்வே என்கிற பட்டணத்துக்கு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே, பதிவுபெற்ற தாதியாவதற்கான சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் உங்களுக்கு வயிற்றுநோ தொடங்கியது. கணையத்தில் கட்டி, நாள் அதிகம் இல்லை என்று டொக்டர் சொன்னார். வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, ஒரு கோப்பில் கையெழுத்து வைக்கிற குரலில் நீங்கள் சொன்னீர்கள்: "நிரோவுக்குச் சொல்லாத. சோதினை முடியட்டும். அதுக்கிடையில நான் செத்தாலும் நீ வாயைத் திறக்கப்படாது."

எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே அது. பிள்ளை வெளிநாட்டில் தனியாக இருக்கிறது, சொல்லி என்ன ஆகப் போகிறது, பயப்படுத்தக் கூடாது என்பார்கள். நானும் தலையாட்டினேன். அவள் கோல் எடுத்தால் அம்மா குளிக்கிறா என்றேன், கோயிலுக்குப் போயிட்டா என்றேன், தொண்டை கட்டியிருக்கு என்றேன். கொஞ்சம் தெம்பான நாட்களில் நீங்களே படுத்துக்கொண்டு கதைத்தீர்கள். முகத்தைக் காட்டச் சொன்னால் கமரா பழுது என்றீர்கள். ஆறு கிழமையும் அக்காவும் தம்பியும் சேர்ந்து பொய் சொன்னோம். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி.

பிறகு அந்தப் புதன்கிழமை. பின்னேரம் இரண்டு பத்துக்கு நீங்கள் கண் திறந்தீர்கள். "தம்பி, நிரோவுக்கு ஒருக்கா எடு," என்றீர்கள். நான் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தேன். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை எட்டு நாற்பது, எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருப்பாள், ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை, நமக்கு அது மாலை ஏழு மணி. எல்லாம் கணக்குப் பார்த்துச் சொன்னேன்: "இப்ப வேலையில நிப்பாள் அக்கா. ஏழு மணிக்கு எடுப்பம்." நீங்கள் "சரி" என்றீர்கள். நாலரைக்கு உங்களுக்கு நினைவு தப்பியது. மறுநாள் வெள்ளண நாலு ஐம்பத்தைந்துக்குப் போய்விட்டீர்கள்.

நடந்தது இதுதான். நீங்கள் போட்ட கட்டளையை நீங்களே எடுத்துவிட்டீர்கள். நான்தான் எடுக்கவில்லை.

சாவைக்கூட நான் அவளுக்குச் சொல்லவில்லை. சோதனைக்கு ஆறு நாள்தானே இருக்கிறது, பொத்திவைத்துவிடலாம் என்று நினைத்தேன். கொள்ளி வைக்கிற கடமையை நானே செய்தேன். நாலாம் நாள் உங்கள் அலுவலகத்தில் யாரோ பாசத்தில் முகநூலில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டார்கள். தன் தாயின் படத்துக்குக் கீழே இரண்டு விளக்கு எரிவதை நிரோ பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள். அவள் சோதனைக்குப் போகவில்லை.

அன்று கோலில் அவள் கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா கடைசியில என்னக் கேட்டாவா மாமா?"

"இல்ல புள்ள," என்றேன். "கடைசி ரெண்டு நாளும் நித்திரைதான். ஒரு நோவும் இல்ல."

இதையேதான் எல்லாருக்கும் சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் இங்கே திருத்துகிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நிரோ என்னோடு கதைக்கவில்லை. மாதத்தில் ஒரு மெசேஜ் வரும், "மாமா, பிரஷர் குளிசை எடுக்கிறீங்களா" என்று. "ஓம்" என்று போடுவேன். இரண்டாம் முறை சோதனை எழுதிப் பாஸ் பண்ணினதையும் அப்படி ஒரு வரியில்தான் அறிந்தேன். பிறகு ஒரு நாள் டிக்கெட்டும் விசாவுக்கான கடிதமும் வந்தன. "மாமா, மே மாதம் வாங்க. ரெண்டு கிழமை." எதற்கென்று எழுதவில்லை. ஏசுவதற்கோ, மன்னிப்பதற்கோ, இல்லை மாமாவுக்கு ஊர் காட்டவோ? போனால் அந்த இரண்டு பத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவளும் போய்விடுவாள் என்றும் தெரியும். அந்தப் பயத்தைக்கூட நான் தூரத்தில் நின்றுதான் பார்த்தேன்.

டப்ளினில் இறங்கினேன். நிரோ வந்து காத்து நின்றாள். தலைநகரத்தைப் பார்க்காமலே அடுத்த பஸ் ஏறினோம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரண்டரை மணித்தியாலம். சொன்ன நிமிடத்தில் வெளிக்கிட்டது, சொன்ன நிமிடத்துக்கு ஒன்று முந்தி வந்தது. நம் சாரதிமார் பார்த்தால் வெட்கப்படுவார்கள். வழியெல்லாம் புல், கல்வேலி, மாடு. நிரோ பக்கத்தில் இருந்தாள். மெலிந்துவிட்டாள், முடியைத் தோளளவு வெட்டியிருக்கிறாள். "களைப்பா மாமா?" "இல்ல புள்ள." இப்படியே கோல்வே வந்தது.

நல்ல பட்டணம், அக்கா. உங்களுக்குப் பிடித்திருக்கும், உங்களுக்குத்தான் சத்தமும் சனமும் வேண்டுமே. நடுவில் ஒரு ஒடுக்கமான வீதி, வாகனம் வராது, தரையெல்லாம் கல் பதித்திருக்கிறது. கடைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் அடித்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் அவர்களுடைய பழைய மொழி மேலே, ஆங்கிலம் கீழே. இருபது அடிக்கு ஒருவர் பாட்டுப் படிக்கிறார், வயலின் வாசிக்கிறார், தட்டையான மேளம் ஒன்றைச் சின்னக் கட்டையால் அடிக்கிறார். ஒரு பெண்பிள்ளை பலகை ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் நின்று ஆடினாள். கால் மட்டும் பறக்கிறது, கை இரண்டும் உடம்போடு ஒட்டி நிற்கிறது. சனம் சுற்றி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை.

பட்டணத்தின் நடுவே ஆறு ஒன்று ஓடுகிறது, கொரிப் என்று பெயர். நம் வாவி கிடந்த இடத்தில் கிடக்கும், இது அப்படியில்லை. கறுத்த தண்ணி, பாலத்துக்குக் கீழே இரைந்துகொண்டு கடலுக்கு ஓடுகிறது. அதன் கரையில் பழைய கல்வளைவு. அதன் பக்கத்துப் புல்லில் வெயில் காய்ந்துகொண்டு இளசுகள் கும்பலாக இருக்கிறார்கள். வெயில் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள், நான் ஸ்வெட்டர் இரண்டு போட்டிருந்தேன். சனிக்கிழமை தேவாலயத்தைச் சுற்றிச் சந்தை. ஒரு மீன் கடையில் நின்று விலை பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தேன்.

ஒரு பின்னேரம் மதுக்கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். நம் ஊரில் மருமகள் மாமனைக் கூட்டிப் போகிற இடமா அது? அங்கே குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். மூலையில் ஆறு பேர் வட்டமாக இருந்து, கேட்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்களுக்குள்ளே வயலினும் குழலும் வாசிக்கிறார்கள். கூலிக்கு வந்தவர்கள் இல்லையாம், வேலை முடிந்து வந்தவர்களாம். நிரோ எனக்குக் கறுப்பு பியர் ஒன்று வாங்கித் தந்தாள். கொத்தமல்லி அவித்த தண்ணி போல இருந்தது. "எப்பிடி மாமா?" என்றாள். "தடிமனுக்கு நல்லம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லா இடமும் காட்டினாள், அக்கா. இது இன்னது, அது இத்தனை வருடப் பழசு என்று வழிகாட்டி மாதிரிச் சொன்னாள். உங்கள் பெயரை மட்டும் ஒரு தடவையும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு கிழமை இரண்டு பேரும் உங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

கடற்கரையோரம் சோல்ட்ஹில் என்று ஒரு நடைபாதை, நீளம் கல்லடிப் பாலத்திலிருந்து காத்தான்குடி வரை இருக்கும். பட்டணத்தில் பாதிப் பேர் அதில் நடக்கிறார்கள். பாதை முடிகிற இடத்தில் ஒரு சுவர். அங்கே போனதும் அந்தச் சுவரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். கிழவர், குழந்தை, சூட் போட்ட மனிதர் எல்லாரும் வரிசையாக வந்து உதைத்துவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நிரோவும் உதைத்தாள். "நீங்களும் மாமா," என்றாள். நானும் மெல்ல ஒரு உதை விட்டேன். விட்ட கையோடு, யோசியாமல், குனிந்து அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கால் பட்டால் நாம் செய்கிறதுதானே. எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்கார மனுசி, அதுதான் முறை என்று நினைத்தோ என்னவோ, தானும் உதைத்துவிட்டுக் குனிந்து தொட்டாள். நிரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மாவும் இப்பிடித்தான்" என்று தொடங்கியவள், அதோடு நிறுத்திக் கடலைப் பார்த்தாள். 

அவள் இருக்கிற வீட்டுக்காரி மோரீன், எழுபது தாண்டிய விதவை. காலையில் குசினியில் ரேடியோ போடுவார். செய்தி முடிந்ததும் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை, பிறகு காது பழகிவிட்டது. மரண அறிவித்தல். இன்ன ஊர் இன்னார், இன்னாரின் கணவர், உடல் இன்ன வீட்டில், இத்தனை மணிக்கு. நம் வானொலியில் கேட்கிற அதே ராகம், பாஷைதான் வேறு. மோரீன் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டுவார், தெரிந்தவராக இருந்தால் கோட்டை எடுப்பார்.

"ஒவ்வொரு நாளும் வாசிப்பாங்களா?" என்று நிரோவிடம் கேட்டேன்.

"ஓம். இஞ்ச ஆரும் சாவை ஒளிக்கிறல்ல மாமா," என்றாள். பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ரேடியோவில் எனக்கும் தெரிந்த ஒரு பெயர் வந்தது. மைக்கல், இரண்டு வீடு தள்ளி இருந்தவர். நான் போய் இறங்கிய அன்று கேற்றடியில் நின்று கை காட்டிய மனிதர். மோரீன் சாண்ட்விச் வெட்டத் தொடங்கிவிட்டார். அன்று மாலை நாங்கள் மூன்று பேரும் போனோம். ஆறு மணி, ஆனால் நம் ஊர் மூன்று மணி வெயில்போல வெளிச்சம். வீட்டுக்கு வெளியே வீதி வரை சனம் வரிசையில் நின்றது. முன்னறையில் பெட்டி திறந்தபடி, சுவரோரம் குடும்பம். வருகிறவர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து, எல்லாரும் ஒரே வசனத்தை, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். நானும் நிரோவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

பிறகு குசினிக்கு அனுப்பினார்கள். அங்கே தேத்தண்ணி, கேக், சிரிப்பு. மைக்கல் ஒருதரம் மாட்டைப் பிடிக்கப் போய்ச் சேற்றில் விழுந்த கதையை ஒருவர் சொல்ல, மற்றவர் திருத்த, பெட்டி இருக்கிற அறைவரை சிரிப்புக் கேட்டது.  உங்கள் செத்தவீட்டில் நான் நாலு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு, யாரும் படம் எடுத்துவிடாமல் காவல் நின்றது ஞாபகம் வந்தது. நிரோ யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள். நான் கோப்பையை வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்து நடக்கத் தொடங்கினேன். செத்தவீட்டில் போய்ட்டு வாறன் என்று சொல்ல முடியுமா?

முப்பது அடி போயிருக்க மாட்டேன், பின்னால் ஓடி வருகிற சத்தம். மைக்கலின் மகள், கறுப்புச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. தகப்பன் பெட்டியில் கிடக்க, என்னைத் தேடிக்கொண்டு வீதிக்கு வந்திருக்கிறாள். உங்களுக்குச் சுகமில்லையா, யாரும் மனம் நோகச் சொன்னார்களா, ஏன் சொல்லாமல் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் ஊரில் சாவீட்டிலிருந்து விடைபெற மாட்டோம், திரும்பி வருவேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்பதுபோல் ஆகிவிடும், அதுதான் காரணம் என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, அது நல்ல வழக்கம் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னாள். தம்பி சிட்னியில் இருக்கிறானாம், வந்து சேர வழியில்லை. அப்பா அவன் பெயரைச் சொன்னதும் அவனை நித்திரையிலிருந்து எழுப்பி, போனை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாளாம். அப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்டிருப்பார், அந்த ஒன்றுதான் ஆறுதல் என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். அவள் போன பிறகுதான் நிரோவும் வெளியே வந்து கேற்றடியில் நிற்பதைக் கண்டேன். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

இரண்டு பேரும் வீட்டைத் தாண்டி நடந்தோம். வாய்க்கால் ஓரம் ஒரு வாங்கு இருந்தது. அவள் இருக்கவில்லை, நான் இருந்தேன்.

"புள்ள, உனக்கிட்ட ஒரு பொய் சொன்னனான்," என்றேன். "கொம்மா உன்னைக் கேட்டவ. நிரோவுக்கு ஒருக்கா எடு எண்டு சொன்னவ. நான் எடுக்கல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "எத்தின மணிக்கு?"

"புதன்கிழமை. ரெண்டு பத்துக்கு."

உங்கள் மகள், அக்கா, கணக்கில் என்னைவிட வேகம். "அப்ப இஞ்ச எட்டு நாப்பது."

"ஓம். வேலையில நிப்பாய் எண்டு நினைச்சன். ஏழு மணிக்கு, உன்ர சாப்பாட்டு நேரத்துக்கு எடுப்பம் எண்டு..."

"அண்டைக்கு எனக்கு லீவு மாமா," என்றாள். "படிக்கிறதுக்கு லீவு போட்டிருந்தன். போன் மேசையில கிடந்தது. நான் சும்மாதான் இருந்தன்."

  அவள் நடந்து போனாள். நான் அந்த வாங்கிலேயே இருந்து, தண்ணியில் ஒரு அன்னம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், கதவைச் சாத்தினாள். சாப்பாட்டை மட்டும் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவாள். மோரீனுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும், என்னிடம் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே இருந்தார். நான் வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் நிரோ ஒரு கொப்பியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"முதல் நாளிலிருந்து சொல்லுங்க. ஒண்டும் விடாம."

சொன்னேன், அக்கா. முதல் வயிற்றுநோவிலிருந்து ஒவ்வொரு நாளாக, எனக்கு நினைவில் இருக்கிற மணியோடு சொன்னேன். என்ன மருந்து, யார் வந்து பார்த்தது, என்றைக்குக் கஞ்சியைத் தள்ளிவிட்டீர்கள், என்றைக்கு வாட்டில் பக்கத்துக் கட்டில் மனுசியோடு பூசணிக்காய்க் கறியைப் பற்றிச் சண்டை பிடித்தீர்கள் என்று எல்லாம் சொன்னேன். அவள் எழுதினாள். பூசணிக்காய்க்குச் சிரித்தாள். யார் குளிப்பாட்டியது, எந்தச் சேலை என்று கேட்டாள். ஊதாக் கரை போட்டது என்றேன். அங்கேதான் பேனாவை வைத்துவிட்டு அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது, வைத்தேன். தட்டிவிடவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தில் சொன்னாள்: "எனக்கு இன்னும் கோவம் இரிக்கி மாமா. போகல்ல."

"இரிக்கட்டும் புள்ள," என்றேன்.

"உங்கள்ள மட்டுமில்ல. அம்மாவிலயும்."

"அதுவும் இரிக்கட்டும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். போன கிழமை ஒரு காரியம் நடந்தது. சில நாளாக நெஞ்சில் ஒரு இறுக்கம், படி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, இரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு, கெதியாக ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் எழுதித் தந்த துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேற்றடியில் நிற்கும்போது என் மண்டை தானாக வேலை செய்யத் தொடங்கியது. நிரோ இப்போதுதான் புது வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பிள்ளை தனிய. சொல்லி என்ன ஆகப் போகிறது. செய்து முடிந்த பிறகு சொல்லலாம். அப்படியே உங்கள் குரல், அக்கா. அதற்குப் பிறகு என் குரல்: இப்போது பதினொரு மணி, கோடையில் நாலரை மணித்தியாலம்தான் பின்னால், அங்கே ஆறரை, நித்திரையாக இருப்பாள், பின்னேரம் எடுப்போம்.

பின்னேரம் எடுப்போம் என்று என் வாய் முணுமுணுத்ததை நானே கேட்டேன். அந்த இடத்திலேயே, மூன்று ஆட்டோக்காரர் ஏறுங்க ஐயா என்று கூப்பிட, போனை எடுத்தேன். இரண்டாம் மணியில் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை வாசிக்கச் சொன்னாள், எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிறகு ஏசத் தொடங்கினாள், அக்கா. எத்தனை நாளாக நோ, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, குளிசை எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று போட்ட ஓமெல்லாம் பொய்தானே என்று இருபது நிமிடம் ஏசினாள். உங்களைப் போலவே ஏசுகிறாள், மூச்சு விடாமல். வெயிலில் நின்று முழுவதையும் கேட்டேன். அப்போதுதான் கண் நிறைந்தது. ஆட்டோக்காரர் கூப்பிடுவதை விட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அடுத்த மாதம் வருகிறாள். நெஞ்சுக்குச் செய்கிற அன்று பக்கத்தில் நிற்பாளாம். உங்கள் அறையைக் கூட்டிக் கழுவிவிட்டேன். அவளோடு கோபமும் கூடத்தான் வரும், அதற்கும் வீட்டில் இடம் இருக்கிறது.

அக்கா, அந்த இரண்டு பத்துக்கு எடுத்திருக்க வேண்டும். ஒரு பட்டனை அமத்துகிற வேலை. கேட்டது நீங்கள், கேட்டும் எடுக்காதது நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் முதலில் போட்ட கட்டளையை இனி நான் கேட்கப் போவதில்லை. நல்லதோ கெட்டதோ, இந்த வீட்டில் நடக்கிற எதையும் இனி அவளுக்கு ஒளிக்க மாட்டேன். டிப்போவிலும் பக்கத்து வீட்டிலும் அவளுடைய நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஏதும் என்றால் முதலில் அவளுக்கு எடுங்கள், அங்கே என்ன நேரம் என்று பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு எடுக்காத,
உங்கள் தம்பி,
நிரோவின் மாமா
கல்லடி, மட்டக்களப்பு